பிரெஞ்சுக் குற்றப் படங்களில் ஃபங்க் இசை: ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இன்றைய பிரெஞ்சுக் குற்றப் படங்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கதைப் போக்கைப் பற்றியும் ஒளிப்பதிவைப் பற்றியும் கட்டுரையாளர் பொறுமையாக எழுதியிருக்கிறார். அவற்றோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இசைக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு வாக்கியம். பியேர் சல்வதோரி இயக்கி 2018இல் வெளிவந்த ‘ஆன் லிபெர்தே’ படத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லி, அதன் ஃபங்க் இசை (தாளத்தையே முதன்மையாகக் கொண்ட அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நடன இசை) எழுபதுகளின் அமெரிக்கப் படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய அலங்காரம் என்று அந்த வாக்கியத்தில் தீர்ப்பளித்துவிட்டு, இசையமைப்பாளரின் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் அடுத்த படத்துக்குச் சென்றுவிட்டார். பிரெஞ்சுத் திரையிசையை நெடுங்காலமாகக் கேட்டு வருபவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பு உண்மைக்குப் புறம்பானது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில், கட்டுரையாளர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்ட இரண்டு வகைகளைப் பிரிக்க வேண்டும். 2014இல் வந்த ‘லா ஃப்ரென்ச்’ படம் எழுபதுகளின் பிற்பகுதியில் மார்செய் நகரில் நடந்த ஹெராயின் கடத்தலையும், 1981 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்ட நீதிபதி பியேர் மிஷேலையும் பற்றியது. அத்தகைய படத்தில் அந்தக் காலத்துப் பாட்டு ஒலிப்பது, அந்தக் காலத்துக் காரும் சட்டைக் காலரும் தெரிவதைப் போன்றதே. அது காலத்தைக் காட்டும் வேலை, அதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வேன்சான் காசெல் நடித்த 2008ஆம் ஆண்டின் ‘மெஸ்ரின்’ படங்களையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஆனால் ‘ஆன் லிபெர்தே’ நிகழ்காலக் கதை. அதில் யாரும் எழுபதுகளில் வாழவில்லை. நிகழ்காலக் கதைக்கு அரை நூற்றாண்டு பழைய ஒலியைக் கொடுக்கும்போது காலத்தைக் காட்டுவது நோக்கமாக இருக்க முடியாது. வேறு ஏதோ ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் விமர்சகரின் கடமை. கட்டுரையாளர் அதைத்தான் செய்யாமல் விட்டுவிட்டார்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சின் தென்கடற்கரை நகரம் ஒன்றில் ஈவோன் என்ற பெண் போலீஸ் அதிகாரி வாழ்கிறாள். பணியில் இறந்துபோன அவள் கணவன் சான்டியும் போலீஸ்காரன்; ஊரே கொண்டாடும் வீரன்; அவனுக்குச் சிலையும் வைக்கிறார்கள். அவன் உண்மையில் லஞ்சம் வாங்கியவன் என்பதும், நகைக்கடைக் கொள்ளை ஒன்றில் அந்துவான் என்ற குற்றமற்ற இளைஞனைப் பலிகொடுத்து எட்டு ஆண்டுகள் சிறைக்கு அனுப்பியவன் என்பதும் அவளுக்குத் தெரியவருகிறது. அந்துவான் விடுதலையாகி வெளியே வருகிறான். செய்யாத குற்றத்துக்குத் தண்டனையை அனுபவித்தாகிவிட்டது, இனிக் குற்றத்தைச் செய்துவிட்டால்தான் கணக்கு நேராகும் என்ற விசித்திர நியாயத்தோடு ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்குகிறான். ஈவோன் குற்ற உணர்ச்சியால் உந்தப்பட்டு, தான் யாரென்று சொல்லாமலேயே அவனைப் பின்தொடர்கிறாள். அடேல் ஹெனெலும் பியோ மர்மாயும் இந்த இருவராக நடித்திருக்கிறார்கள். கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் அந்த ஆண்டு இப்படம் பரிசு பெற்றது.

இப்போது படத்தின் முதல் காட்சிக்கு வருகிறேன். ஒரு போலீஸ்காரன் கதவை உடைத்துக்கொண்டு ஓர் அடுக்ககத்துக்குள் பாய்ந்து, அங்கிருக்கும் அடியாட்களைத் தனி ஒருவனாக அடித்துத் துவைக்கிறான். வேன்சான் எல்பாஸ் நடித்த இந்த வீரன்தான் சான்டி. சண்டை கொஞ்சம் மிகையாகவே இருக்கிறதே என்று நாம் நினைக்கும்போதுதான், அது ஈவோன் தன் சிறிய மகனுக்கு இரவில் படுக்கையில் சொல்லும் கதை என்று தெரிகிறது. பிறகு கணவனைப் பற்றிய உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிவர, அவள் அதே கதையை மீண்டும் மீண்டும் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் சான்டி கொஞ்சம் கொஞ்சமாக வீரம் குறைந்து, தடுமாறி, கடைசியில் கேலிக்குரியவனாகிறான். இந்த இடத்தில் எழுபதுகளின் போலீஸ் பட ஒலி என்பது வெறும் அலங்காரமா? ஒரு குழந்தையின் தலையணைக்கு அருகே சொல்லப்படும் பொய்க்கு எந்தக் குரல் பொருந்துமோ அந்தக் குரல் அது. நேர்மையான போலீஸ்காரன் கதவை உதைத்துத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வைத்த படங்கள் எந்த இசையோடு வந்தனவோ, அந்த இசையையே எடுத்து, அந்த நம்பிக்கை உதிர்ந்துபோகும் கதைக்கு அடியில் ஓடவிட்டிருக்கிறார்கள். இசையை நிகழ்காலத்து மின்னணு ஒலியாக மாற்றிப் பாருங்கள். ஈவோனின் பொய் பழைய பொய், அவளுக்கு முன்பே பலர் சொன்ன பொய் என்பது நமக்குக் கேட்காமலே போய்விடும்.

இதே நாட்டின் இன்னொரு படத்தை ஒப்பிட்டால் இது தெரிந்தெடுத்த முடிவு என்பது விளங்கும். தமிழ் வாசகர்கள் நன்கறிந்த, 2015இல் கானில் தங்கப்பனை பெற்ற ‘தீபன்’ படத்திலும் குற்றக் கும்பலும் துப்பாக்கியும் உண்டு. ழாக் ஓதியார் அதற்கு மின்னணு இசைக் கலைஞர் நிக்கோலா ஜாரை அழைத்தார். பழைய ஒலி எதுவும் அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. குற்றப் படம் என்றாலே ஃபங்க் என்ற வழக்கம் பிரான்சில் கிடையாது.

அடுத்ததாக, ஃபங்க் இசையின் உள்ளமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஏன் குற்றக் கதையோடு இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கிறது என்பதைக் கட்டுரையாளர் யோசித்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1967இல் ‘கோல்ட் ஸ்வெட்’ பாடலின் வழியாக வகுத்துக் கொடுத்த முறை மிக எளிமையானது. அதுவரை அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நடன இசையில் இரண்டாம் நான்காம் அடிகளில் விழுந்துகொண்டிருந்த அழுத்தத்தை அவர் முதல் அடிக்கு, நம் வழக்கில் சொன்னால் சமத்துக்கு, மாற்றினார். எல்லாக் கருவிகளும் சமத்தில் ஒன்றுகூட வேண்டும். மற்ற இடங்களில் ஒவ்வொன்றும் தன் போக்கில் இடைவெளிகளை நிரப்பலாம். நான்கு அடிகளையும் நந்நான்காகப் பிளந்தால் கிடைக்கும் பதினாறு நுண்ணிடங்களில் எதில் அடிப்பது, எதில் அடிக்காமல் விடுவது என்பதே ஃபங்க் தாளக்காரரின் கலை. சுருதியைப் பொறுத்தவரை பாட்டு ஒரே சுரக்கூட்டில் (ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்களின் தொகுதியில்) பல நிமிடங்கள் நின்றுவிடக்கூடும். மேற்கத்திய இசையில் ஒரு சுரக்கூட்டு இன்னொன்றுக்குச் சென்று தீர்வு காணும் அந்த முடிவுணர்ச்சி இங்கே வேண்டுமென்றே மறுக்கப்படுகிறது.

திரைப்படத்துக்கு இதனால் இரண்டு பெரிய வசதிகள் உண்டு. முடிவுணர்ச்சி இல்லாத இசையைப் படத்தொகுப்பாளர் எந்த இடத்திலும் வெட்டலாம், எவ்வளவு நேரமும் நீட்டலாம். குற்றப் படத்தின் பெரும்பகுதி துப்பாக்கிச் சூடு அல்ல. காத்திருப்பதும் நடப்பதும் காரில் பின்தொடர்வதும்தான். சமத்தை நோக்கித் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்து, ஆனால் எங்கும் போய்ச் சேராத இசை, காத்திருப்பவனின் மனநிலைக்கு மிக நெருக்கமானது. மற்றொன்று இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். வயலின் கூட்டம் உயர்ந்து ஒலித்தால் அழ வேண்டும் என்று நமக்குத் தெரியும். தாழ்ந்து நடுங்கினால் அஞ்ச வேண்டும் என்று தெரியும். ஃபங்க் எதை உணர வேண்டும் என்று சொல்வதில்லை. யாரோ ஒருவர் நகர்கிறார் என்று மட்டும் சொல்கிறது. அந்துவான் செய்யும் காரியங்களைப் பார்த்துச் சிரிப்பதா, பதறுவதா, அவன்மீது இரங்குவதா என்ற குழப்பத்தைச் சல்வதோரியின் படம் கடைசிவரை கரைத்துவிடாமல் வைத்திருக்கிறது என்றால், தீர்ப்புச் சொல்லாத அந்த இசைக்கு அதில் கணிசமான பங்கு உண்டு.

இந்த இசை திரைக்குள் வந்த வழி அமெரிக்காவில் தொடங்கியது என்பதை நான் மறுக்கவில்லை. 1971இல் ‘ஷாஃப்ட்’ படத்துக்கு ஐசக் ஹேய்ஸ் அமைத்த முகப்புப் பாடலில், தாளத் தட்டில் விடாமல் ஓடும் பதினாறு அடிகளும், மிதிபலகை வழியாகக் குரல்போல் திறந்து மூடும் வா-வா கிடாரும் உலகெங்கும் போலீஸ் படங்களின் அடையாளமாகிவிட்டன. மறு ஆண்டு அந்தப் பாடலுக்கு ஆஸ்கார் கிடைத்தது. ஆனால் அமெரிக்காவில் பிறந்தது என்பதால் பிரான்சில் ஒலிக்கும்போதெல்லாம் அது கடன் என்று சொல்ல முடியாது. பாரிஸில் இந்த இசைக்கு வேறொரு வேரும் இருந்தது. கட்டுரையின் குறை இங்கேதான் பெரிது.

1957 டிசம்பரில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பாரிஸில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், இயக்குநர் லூயி மாலின் குற்றப் படம் ஒன்றின் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபடியே வாசித்தார். அவரையும் சேர்த்த ஐவர் குழுவில் பார்னி விலன், ரெனே உர்த்ரெழே, பியேர் மிஷெலோ ஆகிய மூவர் பிரான்சைச் சேர்ந்தவர்கள். தாளம் வாசித்த கென்னி கிளார்க் அமெரிக்காவை விட்டு வந்து பாரிஸையே ஊராக்கிக்கொண்டவர். அந்தக் குற்றப் படத்திலிருந்துதான் பிரெஞ்சுத் திரையில் குற்றமும் கறுப்பின இசையும் கைகோத்து நடக்கத் தொடங்கின. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2006இல், கியோம் கனே இயக்கிய குற்றப் படம் ஒன்றுக்கு மத்தியூ ஷெதித் அதே முறையில் படத்தைப் பார்த்தபடி கிடாரில் வாசித்து, பிரான்சின் தேசியத் திரைப்பட விருதான சேசர் விருது பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், இது அறுந்துபோன மரபு அல்ல என்பது தெளிவாகும்.

அறுபதுகளின் இறுதியில் வந்த தலைமுறையில் ஃபிரான்சுவா தெ ருபே என்பவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். முறையான இசைக் கல்வி பெறாதவர். பாரிஸின் கூர்செல் தெருவில் இருந்த தன் வீட்டிலேயே பல தடப் பதிவுக் கருவிகளையும் சிந்தசைசர்களையும் வைத்துக்கொண்டு தனியாளாக ஒன்றன்மேல் ஒன்றாக இசையை அடுக்கியவர். மெல்வில் இயக்கிய ‘லெ சாமுராய்’ படத்துக்கு 1967இல் இசையமைத்தார். 1970இல் ழோசே ஜொவானி இயக்கிய ‘தெர்னியே தொமிசீல் கொன்யூ’ படத்தில், ஒரு சாட்சியைத் தேடி லீனோ வெந்தூராவும் மார்லேன் ழொபேரும் பாரிஸ் தெருக்களில் நாள்கணக்கில் நடக்கிறார்கள். அந்த நடைக்குத் தெ ருபே கொடுத்த இசையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்: அடியில் அசையாமல் ஒரே தடத்தில் செல்லும் பேஸ் கிடாரும் தாளமும், மேலே ஏங்கும் வயலின்கள். கால்கள் ஓயவில்லை, மனம் ஓய்ந்துவிட்டது என்பதை ஒரே நேரத்தில் சொல்லும் இசை அது. ‘ஷாஃப்ட்’ வருவதற்கு ஓராண்டு முன்பே அது வந்துவிட்டது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். தெ ருபே 1975இல், தன் 36ஆம் வயதில், டெனரீஃப் தீவை ஒட்டிய கடலில் மூழ்கு நீச்சலின்போது இறந்துபோனார். மறு ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட சேசர் விருதுகளில் சிறந்த இசைக்கான விருது, இறந்துபோன அவருக்கே சென்றது.

மிஷேல் கொலொம்பியேயின் வாழ்க்கை கட்டுரையாளரின் வாதத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்க்கிறது. மெல்வில் கடைசியாக இயக்கிய 1972ஆம் ஆண்டின் ‘அன் ஃப்லிக்’ படத்துக்கு இசையமைத்தவர் இவர். பிறகு அமெரிக்கா சென்றார். 1984இல் பிரின்ஸ் நடித்த ‘பர்ப்பிள் ரெய்ன்’ படத்தின் பின்னணி இசை இவருடையது. ஃபங்க் இசையின் பெரும் நட்சத்திரங்களில் ஒருவரின் படத்துக்குப் பின்னணி இசை கொடுக்கப் பாரிஸில் பயின்ற ஒருவர் தேவைப்பட்டார் என்றால், யார் யாரிடம் கடன் வாங்கியது?

இவர்களைத் தவிர, பெயர் தெரியாமலே வேலை செய்தவர்களின் உலகம் ஒன்று இருந்தது. எழுபதுகளில் பாரிஸில் சில பதிப்பகங்கள், எந்தத் தனிப் படத்துக்கும் என்றில்லாமல், துரத்தல், இரவு, நகரம் என்று மனநிலைவாரியாக இசையைப் பதிவுசெய்து ‘நூலக இசை’ என்ற வகை இசைத்தட்டாக்கி, கடைகளில் விற்காமல் தொலைக்காட்சிக்கும் திரைப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் மட்டும் கொடுத்துவந்தன. பகலில் பாடகர்களுக்கு வாசித்த தாளக்காரர்களும் பேஸ் கிடார் கலைஞர்களும் இந்தத் தட்டுகளில்தான் தங்கள் மனம்போல் வாசித்தார்கள். இஸ்தான்புல்லில் பிறந்து பாரிஸுக்கு வந்த ஜான்கோ நிலோவிச் இந்த உலகத்தின் பெரிய பெயர்களில் ஒருவர். யாரும் கேட்பதற்காக வாங்காத அந்தத் தட்டுகளைப் பழைய இசைத்தட்டுச் சந்தைகளில் தேடிப் பிடித்தவர்கள் அமெரிக்க ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள். 2009இல் ஜே-ஸீ வெளியிட்ட புகழ்பெற்ற பாடல் ஒன்றின் அடித்தளமே நிலோவிச்சின் பழைய பதிவிலிருந்து எடுத்த துண்டுதான். ஆங்கிலப் பாடகர் ராபி வில்லியம்ஸ் 2000இல் பாடிய ‘சுப்ரீம்’ பாடலில் தெ ருபேயின் அந்த நடைப் பாட்டு வருகிறது. சோடர்பெர்க்கின் ‘ஓஷன்ஸ் டுவெல்வ்’ படத்தில் காசெல் லேசர் கதிர்களுக்கிடையே நடனமாடியபடி நுழையும் காட்சியை நினைவுகூருங்கள். ஹாலிவுட் படம், ஆனால் அங்கே ஒலிக்கும் ‘தே ஆ லா மான்த்’ பாரிஸ் புறநகரைச் சேர்ந்த லா கோசியோன் என்ற சகோதரர் குழுவினுடையது. ஃபங்க் அட்லாண்டிக் கடலை ஒருமுறை கடந்து நின்றுவிடவில்லை. போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. எந்தப் பயணத்தில் எதை ஏற்றினார்கள் என்று பிரித்துச் சொல்வது இன்று எளிதல்ல.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்க்கிறேன். 1984இல் பிரான்சின் முதல் தொலைக்காட்சி அலைவரிசையில், குவாடலூப் தீவைப் பூர்விகமாகக் கொண்ட சிட்னி என்ற தொகுப்பாளர் ஞாயிறுதோறும் ஹிப்-ஹாப் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். மின்னணு ஃபங்க் தாளத்தில் தரையில் சுழன்று ஆடும் நடனத்தைப் பிரெஞ்சுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே கற்றுக்கொண்டது அந்த நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். இன்று பிரான்சில் படமெடுப்பவர்களிலும் இசையமைப்பவர்களிலும் பலர் அந்த வயதுக்காரர்கள். அவர்களுக்கு இந்தத் தாளம் அமெரிக்காவின் நினைவு அல்ல, சொந்தச் சிறுவயதின் நினைவு. கட்டுரையாளர் அதை ஏக்கம் என்று சொல்லியிருந்தால்கூட ஒருவாறு ஏற்றுக்கொண்டிருப்பேன்.

இவ்வளவும் எழுதியதால், பழைய ஃபங்க் எங்கே ஒலித்தாலும் நன்று என்று நான் வாதிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். வா-வா கிடாரின் இரண்டு சொடுக்கு கேட்டவுடனேயே பார்வையாளர் புன்னகைக்கும் அளவுக்கு அந்த ஒலி தேய்ந்துவிட்டது. நகைச்சுவை நிகழ்ச்சிகளும் விளம்பரங்களும் அதைக் கேலிக்குப் பயன்படுத்திப் பயன்படுத்தி, இப்போது அது ஒலித்தாலே இயக்குநர் திரைக்குப் பின்னாலிருந்து நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோல் ஆகிவிடுகிறது. ‘ஆன் லிபெர்தே’ படத்திலும் காட்சி தானாகச் சிரிப்பை உண்டாக்குவதற்கு முன்பே இசை முந்திக்கொண்டு சிரித்துவிடும் இடங்கள் உண்டு என்பது என் கருத்து. ஈவோனும் அந்துவானும் தனியாகப் பேசிக்கொள்ளும் காட்சிகளே படத்தில் எனக்கு அதிகம் பிடித்தவை. அங்கே எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு குரல்கள் மட்டுமே.

இசையை நிறுத்தத் தெரிவதும் பிரெஞ்சுக் குற்றப் படத்தின் மரபுதான். 1955இல் வந்த ‘ரிஃபிஃபி’ படத்தில் நகைக்கடைக் கொள்ளைக் காட்சி ஏறக்குறைய அரை மணி நேரம் வசனமும் இசையும் இல்லாமல் நடக்கிறது. இசையமைப்பாளர் ழார்ழ் ஓரிக், அவ்வளவு நீண்ட காட்சியை இசையில்லாமல் விட முடியாது என்று பிடிவாதமாக அதற்கும் இசை எழுதிவிட்டார். இயக்குநர் ழூல் தசேன் இசையோடு ஒருமுறையும் இசையில்லாமல் ஒருமுறையும் அந்தக் காட்சியை அவருக்குப் போட்டுக் காட்ட, தன் இசையை எடுத்துவிடுமாறு ஓரிக்கே சொல்லிவிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மெல்வில் ‘லெ செர்க்ள் ரூழ்’ படத்தில் தன் கொள்ளைக் காட்சியையும் அவ்வாறே வசனமில்லாத அமைதியில் எடுத்தார். ஃபங்க் இசையின் அடிப்படையே எந்த இடத்தில் அடிக்காமல் விடுவது என்பதாக இருக்க, அதைப் பயன்படுத்துவோர் படம் முழுக்க ஓடவிடுவது அந்த இசைக்கே செய்யும் அவமதிப்பு. இன்றைய பிரெஞ்சுப் படங்கள் சிலவற்றின்மீது இந்தக் குற்றச்சாட்டைக் கட்டுரையாளர் வைத்திருந்தால் நான் அவர் பக்கமே நின்றிருப்பேன். அவர் வைத்தது கடன் என்ற குற்றச்சாட்டு. அதற்குச் சான்று இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெயர் போடாமல் விடுவது இந்த இசைக்கு நேர்ந்த பழைய தீங்கு. பாரிஸின் அந்த நூலகத் தட்டுகளில் யார் பேஸ் வாசித்தார், யார் தாளம் வாசித்தார் என்பது பல உறைகளில் அச்சாகவே இல்லை. தெ ருபே, கொலொம்பியே போன்றோரின் பதிவுகள் ஸ்தெஃபான் லெரூழ் என்பவர் 2000ஆம் ஆண்டு முதல் தொகுத்துவரும் வரிசையில் முறையான குறிப்புகளோடு மீண்டும் வெளிவந்த பிறகே, அதுவரை ‘அந்தப் படத்து மெட்டு’ என்று மட்டும் அறியப்பட்டவற்றுக்கு உரியவர்கள் கிடைத்தார்கள். தங்கள் சினிமா பக்கத்தில் ஒவ்வொரு விமர்சனத்தின் தலைப்பிலும் இயக்குநர், நடிகர்கள், ஒளிப்பதிவாளர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. வெளிநாட்டுப் படங்களுக்கு அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளரின் பெயரும் இனி இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘ஆன் லிபெர்தே’ படத்தின் இசையமைப்பாளர் கமீல் பஸ்பாஸ். பாடகர், சல்வதோரியின் ‘ஆப்ரே வூ’, ‘ஓர் தெ ப்ரீ’ ஆகிய முந்தைய படங்களுக்கும் இசையமைத்தவர். கட்டுரையின் திருத்தமாக இந்த ஒரு வரியையாவது அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்